சதுரங்கப் பலகையில் ஓர் ஊர்

உபாத்தியாயர் தொழிலில் இருபது ஆண்டுகளைக் கழித்தவர்களுக்கு ஒரு கெட்ட வழக்கம் படிந்துவிடுகிறது. வகுப்பில் எது கோணலாக நடந்தாலும், "இதற்குக் காரணமான போக்கிரி யார்?" என்றே முதலில் கேட்கத் தோன்றுகிறது. காரணம் என்று ஒன்று இருந்தால் அதற்குக் காலும் கையும் முளைத்து, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது நம்மவர்களின் திடமான நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு நாமும் விலக்கல்லர்.

சென்ற ஆண்டு நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒரு பிரிவில் பெரும்பாலோர் ஊருக்குள்ளிருந்து வருபவர்கள். மற்றதில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருபவர்கள். முதல் நாள் அனைவரையும் கலந்து உட்கார வைத்தோம். பிறகு இடம் மாற விரும்புவோர் மாறிக்கொள்ளலாம் என்று தாராள மனத்துடன் அனுமதியும் கொடுத்தோம். மூன்றாவது வாரத்தில் பார்த்தால், ஜன்னல் பக்கம் முழுவதும் ஊர். சுவர்ப் பக்கம் முழுவதும் கிராமம். நடுவே நடைபாதை, ஏதோ இரு நாடுகளின் எல்லைக் கோடு போலக் கிடந்தது.

நமக்குக் கோபம் வந்தது. ஒற்றுமையைப் பற்றி அரை மணி நேரம் பிரசங்கம் செய்தோம். பிரசங்கம் முடிந்ததும் ஒரு மாணாக்கன் மெதுவாக எழுந்து, "யார் மேலும் எங்களுக்குக் கோபம் இல்லை, சார். பக்கத்தில் தெரிந்த முகம் இரண்டு இருக்கட்டும் என்றுதான் ஒவ்வொருவராக மாறி உட்கார்ந்தோம். இப்படி ஆகும் என்று நாங்கள் நினைக்கவில்லை" என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்படியானால் அந்த எல்லைக் கோட்டைக் கிழித்தவர் யார்?

இதே வினாவை, இதைவிடப் பன்மடங்கு பெரிய அளவில், அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒருவர் எழுப்பினார். அவர் பெயர் தாமஸ் ஷெல்லிங். ஹார்வர்டு சர்வகலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர். 2005-ஆம் ஆண்டில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை ராபர்ட் ஆமன் என்பவருடன் பகிர்ந்துகொண்டவர். 2016-இல் தமது தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார். அமெரிக்க நகரங்களில் வெள்ளையர் ஒரு பக்கமும் கறுப்பர் ஒரு பக்கமுமாகப் பிரிந்து வாழ்ந்ததை அவர் கண்டார். இப் பிரிவினை உண்டாவதற்கு ஒவ்வொருவர் நெஞ்சிலும் எவ்வளவு துவேஷம் வேண்டும்? இதுதான் அவருடைய வினா.

ஒரு நாள் ஆகாய விமானத்தில் பிரயாணம் செய்கையில், படிக்க ஒன்றும் இல்லாமல், ஒரு காகிதத்தில் இருவகைக் குறிகளை வரிசையாக எழுதி, அவற்றை இடம் மாற்றிப் பார்க்கத் தொடங்கினாராம். அழித்தழித்து எழுதுவது பெருந்தொல்லையாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் தம் மகனைக் கூட்டு வைத்துக்கொண்டு, பலகையொன்றில் இருவகை நாணயங்களைப் பரப்பி விளையாடினார். அந்த விளையாட்டின் பயனாகத் தோன்றிய கட்டுரைகள் 1969-இலும் 1971-இலும் பிரசுரமாயின. 1978-இல் வெளிவந்த அவருடைய நூல் ஒன்றில் விளையாட்டின் முறை விளக்கமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. நேயர்கள் தங்கள் இல்லத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம். வேண்டியவை ஒரு சதுரங்கப் பலகை, ஒரு பிடி சோழி, ஒரு பிடி புளியங்கொட்டை, அவ்வளவே.

பலகையில் அறுபத்து நான்கு கட்டங்கள் உண்டு. நான்கு மூலைகளை விட்டுவிட்டு மற்ற அறுபது கட்டங்களிலும் சோழி, புளியங்கொட்டை என மாறி மாறி வையுங்கள். இது ஓர் ஊர். ஒவ்வொரு காயும் ஒரு குடும்பம். காயைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் இருப்பவை அதன் அண்டை வீடுகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் மிகச் சாதுவான ஒரே ஓர் ஆசை உண்டு. அண்டை வீடு ஒன்றோ இரண்டோ இருந்தால், அவற்றில் ஒன்றாவது தன் இனமாக இருக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து வரை இருந்தால் இரண்டு. ஆறு முதல் எட்டு வரை இருந்தால் மூன்று. எட்டில் ஐந்து வீடுகள் வேற்றினமாக இருந்தாலும் அக் குடும்பத்துக்குச் சம்மதமே என்பதைக் கவனியுங்கள். இப்படிப்பட்டவர்களை வெறியர் என்று யார் சொல்லுவார்?

மாறி மாறி வைத்த அந்த முதல் அமைப்பில் ஒரு குடும்பத்துக்கும் குறையில்லை. எண்ணிப் பார்த்தால் விளங்கும். இரு இனங்களும் பூரணமாகக் கலந்த ஊர், அனைவருக்கும் திருப்தியளிக்கும் ஊர். இப்போது சீட்டுக் குலுக்கிப் போட்டு இருபது காய்களை எடுத்துவிடுங்கள். பிறகு காலி இடங்களில் ஐந்தைக் குலுக்கலில் தேர்ந்து, அவற்றில் சோழியோ கொட்டையோ கைக்கு வந்ததை வையுங்கள். வேலை மாற்றம், கலியாணம், மரணம் முதலிய காரணங்களால் எந்த ஊரிலும் நடக்கும் சிறு அசைவுதான் இது. இதனால் சில குடும்பங்களுக்கு அதிருப்தி உண்டாகும். அதிருப்தியுற்ற காயை, அதன் ஆசை நிறைவேறக்கூடிய அருகிலுள்ள காலிக் கட்டத்துக்கு நகர்த்துங்கள். அது நகர்ந்ததால், விட்டுச் சென்ற இடத்தில் இருந்த அதன் இனத்தான் ஒருவனுக்கு ஆள் குறையும். அவனும் கிளம்புவான். போய்ச் சேர்ந்த இடத்தில் வேற்றினத்தான் ஒருவனுக்குச் சங்கடம் தோன்றும். அவனும் மூட்டை கட்டுவான். இப்படியே ஒன்று மற்றொன்றைத் தள்ள, அனைவரும் அமைதியடையும் சமயத்தில் பலகையைப் பார்த்தால், சோழிகள் ஒரு பக்கமும் கொட்டைகள் ஒரு பக்கமுமாகத் திட்டுத் திட்டாகப் பிரிந்து நிற்கும். எத்தனை முறை ஆடினாலும் ஏறக்குறைய இதே கதைதான்.

இதில் வியப்பு யாதெனில், அந்தப் பிரிவினையை ஒரு காயும் விரும்பவில்லை என்பதே. கலந்த ஊரில் அவை திருப்தியாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றும் தன் அளவில் நியாயமான சிறு காரியத்தைச் செய்தது. சிறு காரியங்கள் ஒன்று சேர்ந்து, யாரும் கேளாத பெரிய காரியமாக முடிந்தன. நம் மாணாக்கன் சொன்னதும் இதுவே அன்றோ? அவனுக்குப் புரிந்தது, பிரசங்கம் செய்த நமக்குப் புரியவில்லை.

ஷெல்லிங்குக்கு முன்பே இப் பலகையின் அருகில் வந்து நின்ற மற்றொருவர் உண்டு. ஜேம்ஸ் சகோடா என்பவர் ஜப்பானிய வமிசத்தில் பிறந்த அமெரிக்கர். 1942-இல், யுத்த காலத்தில், மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வமிசத்தார் சுமார் 1,20,000 பேரை அமெரிக்க அரசாங்கம் வீடுவாசல்களிலிருந்து கிளப்பி, முள்கம்பி வேலியிட்ட முகாம்களில் அடைத்தது. அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அந் நாட்டின் பிரஜைகளே. சகோடாவும் அடைக்கப்பட்டவர்களில் ஒருவர். டூல் லேக், மினிடோகா என்னும் முகாம்களில் இருந்துகொண்டே, அங்குள்ள மக்கள் எவ்வாறு கூடுகிறார்கள், எவ்வாறு ஒதுங்குகிறார்கள் என்பதை ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்காகக் குறித்து வந்தார். 1949-இல் கலிபோர்னியா சர்வகலாசாலைக்கு அவர் சமர்ப்பித்த ஆராய்ச்சி நூலில் பலகையும் காய்களும் இடம் பெற்றன. ஒவ்வொரு காய்க்கும் தன் கூட்டத்தாரிடமும் பிற கூட்டத்தாரிடமும் விருப்பு, வெறுப்பு அல்லது அலட்சியம் என்று ஒரு மனநிலையைக் கொடுத்து, அதன்படி நகர்த்திப் பார்த்தார். பிற்காலத்தில் அதையே கணினியில் ஓட்டினார். 1971-இல் ஒரு புதிய சஞ்சிகையின் முதல் தொகுதியிலேயே சகோடாவின் கட்டுரையும் ஷெல்லிங்கின் கட்டுரையும் வெளிவந்தன. புகழ் முழுவதும் ஷெல்லிங்குக்குப் போய்ச் சேர்ந்தது. இருவரும் ஒரே கருவியைக் கையாண்டபோதிலும், வேலி என்பதை ஒருவர் உள்ளிருந்து பார்த்தவர் என்பதை மறப்பதற்கில்லை.

நாணயத்தைக் கையால் நகர்த்தினால் ஓர் ஆட்டம் முடிய ஒரு மாலைப் பொழுதாகும். கணினிக்கோ அது சில விநாடி வேலை. ஆயிரக்கணக்கான பாவனை மனிதர்களை அதற்குள் உண்டாக்கலாம். ஒவ்வொருவருக்கும் இரண்டொரு விதிகளைச் சொல்லிக்கொடுத்து ஓடவிட்டுவிட்டு, கூட்டம் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். இது ஒரு நாடகம் போன்றதே. ஆனால் நாடகாசிரியன் இல்லாத நாடகம். பாத்திரங்கள் தங்கள் குணத்துக்கேற்ப நடந்துகொள்வார்கள்; கதை தானாக விளையும். ஆசையைச் சிறிது கூட்டியும் குறைத்தும் ஆயிரம் தடவை ஆடிப் பார்க்கலாம். யூரி வில்லென்ஸ்கி என்னும் பேராசிரியர் உருவாக்கிய 'நெட்லோகோ' என்ற இலவசச் சாதனத்தில் ஷெல்லிங்கின் ஊர் ஒரு பாடமாகவே அமைந்திருக்கிறது. பள்ளி மாணாக்கரும் அதை இயக்கலாம். அதில் ஒவ்வொருவரும் தம் அண்டையில் நூற்றுக்கு முப்பது பேர் தம்மவராக இருந்தால் போதும் என்று எண்ணும்படி செய்தால், ஆட்டத்தின் முடிவில் சராசரியாக நூற்றுக்கு எழுபது பேர் தம்மவராக இருக்கக் காண்கிறோம். கேட்டது முப்பது, கிடைத்தது எழுபது!

குடியிருப்பு மட்டுமல்ல, செல்வம் எவ்வாறு சேர்கிறது என்பதையும் இப்படி ஆடிப் பார்த்தவர்கள் உண்டு. ஜோஷுவா எப்ஸ்டைன், ராபர்ட் ஆக்ஸ்டெல் என்னும் இருவர் 1996-இல் வெளியிட்ட நூலில், நீளத்தில் ஐம்பதும் அகலத்தில் ஐம்பதுமாகக் கட்டங்கள் கொண்ட ஒரு சர்க்கரைத் தேசத்தை நிர்மாணித்தார்கள். இரண்டு சர்க்கரை மேடுகள். தின்றால் திரும்ப வளரும். குடிகளில் சிலருக்குக் கண் தொலைதூரம் எட்டும், சிலருக்கு எட்டாது. சிலருக்குப் பசி அதிகம், சிலருக்குக் குறைவு. ஏறக்குறைய சமமான கைம்முதலுடன் தொடங்கிய அத் தேசத்தில், காலம் செல்லச் செல்ல, சர்க்கரையில் பெரும் பகுதி ஒரு சிலரிடம் போய்க் குவிந்துவிட்டது. ஒருவரையொருவர் கொள்ளையடிக்கவில்லை.

இதுவரை படித்த நேயர்களில் சிலருக்கு ஒரு சந்தேகம் எழலாம். "அப்படியானால் உலகத்தில் நடக்கும் அநீதிக்கெல்லாம் யாரும் பொறுப்பில்லை என்று ஆகிறதே!" என்பார்கள். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். பலகை நமக்குச் சொல்வது, "பிரிவினை இந்த வழியாகவும் வரக்கூடும்" என்பதையே. "அமெரிக்காவில் அது இந்த வழியாகத்தான் வந்தது" என்று பலகை சொல்லவில்லை. ஷெல்லிங்கும் சொல்லவில்லை. சட்டத்தாலும் கூட்டு ஏற்பாட்டாலும் வரும் பிரிவினை ஒன்று, பணத்தின் ஏற்றத் தாழ்வால் வருவது ஒன்று, தனி மனிதரின் விருப்பத்தால் வருவது ஒன்று என்று மூவகையாகப் பிரித்து, தாம் ஆராய்வது மூன்றாவதை மட்டுமே என்று அவர் தெளிவாக எழுதியிருக்கிறார்.

சரித்திரத்தைப் புரட்டினால், முதல் வகைச் சுவர் எவ்வளவு உயரமானது என்பது தெரியவரும். இன்ன தெருவில் இன்ன இனத்தார் குடியேறக் கூடாது என்று நகரசபைகள் விதி செய்ததை 1917-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது. உடனே சுவர் விழுந்துவிட்டதா? இல்லை. வீட்டுப் பத்திரத்திலேயே "கறுப்பருக்கு விற்பதில்லை" என்று நிபந்தனை எழுதும் வழக்கம் பரவியது. அந் நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித்தரக் கூடாதென்ற தீர்ப்பு 1948-இல்தான் வந்தது. இதற்கிடையில், 1934-இல் ஏற்பட்ட மத்திய அரசாங்கத்தின் வீட்டுவசதி நிர்வாகம், வெள்ளையர் வீடு வாங்கும் கடனுக்குத் தாராளமாக உத்தரவாதம் அளித்தது; கறுப்பர் வாழும் பகுதிகளுக்கு மறுத்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இன பேதம் காட்டலாகாது என்ற சட்டம் 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில்தான், கையெழுத்தாயிற்று. சட்டமே செங்கல் சுமந்து எழுப்பிய இச் சுவரின் வரலாற்றை ரிச்சர்டு ராத்ஸ்டைன் 2017-இல் ஒரு நூலாக எழுதியிருக்கிறார். இத்தனையும் நடந்திருக்க, "எல்லாம் சோழியும் புளியங்கொட்டையும் செய்த வேலை" என்று ஒருவர் சொன்னால், அவர் பலகையைச் சரியாகப் படிக்கவில்லை என்றே பொருள்.

ஆனால் பலகையை அலட்சியம் செய்வதும் தவறாகும். கெட்ட சட்டத்தை எடுத்துவிட்டால் எல்லாம் தானே சரியாகிவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை. சிங்கப்பூரின் அனுபவம் இதற்கு உதாரணமாகும். அங்கே மக்களில் மிகப் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்கு வீடுகளில் வசிக்கிறார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழரை உள்ளிட்ட இந்தியர் அனைவரையும் அரசாங்கம் கலந்தே குடியேற்றியது. பிறகு மக்கள் தங்களுக்குள் வீடுகளை விற்கவும் வாங்கவும் தொடங்கியபோது, மறுபடியும் இனம் இனமாகச் சேரும் போக்குத் தலைகாட்டியது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் தமிழரான எஸ். தனபாலன். 1989-இல் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இனவாரியாக உச்சவரம்பு விதிக்கப்பட்டது. சீனருக்கு வட்டாரத்தில் நூற்றுக்கு 84, கட்டடத்தில் 87; மலாய்க்காரருக்கு 22, 25; இந்தியர் முதலிய பிறருக்கு 10, 13. கடைசியில் சொன்ன வரம்பு 2010-இல் 12, 15 என உயர்த்தப்பட்டது. இந்த விதி ஷெல்லிங்கின் பலகையைப் பார்த்து எழுந்தது என்று நாம் சொல்லவில்லை. பலகை காட்டும் சரிவுக்கு முட்டுக் கொடுக்கும் விதி அது என்று மட்டும் சொல்கிறோம். முட்டுக்கும் விலை உண்டு. ஒரு கட்டடத்தில் சீனரின் வரம்பு நிரம்பிவிட்டால், அங்குள்ள தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது. வாங்குவோர் குறையவே விலையும் குறையக்கூடும். இக் குறையை அந் நாட்டு அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. கலந்து வாழ்வதன் நன்மை ஊருக்கு. அதன் செலவில் பெரும் பங்கு சிறுபான்மையோருக்கு என்று ஆவது நியாயமா என்ற வினா அங்கே இன்னும் எஞ்சி நிற்கிறது.

கணினிப் பாவனையைப் படிப்பதற்கு ஒரு சொல்லை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். அச் சொல் "ஆனால்" என்பது. இப்படியானால், இப்படியாகும். 2020 மார்ச்சில், லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த நிபுணர்கள் வீடு, பள்ளி, வேலைத்தலம் என்று நடமாடும் பாவனை மக்களைக் கணினிக்குள் வைத்து, கொரோனா நோயைத் தடுக்க ஒன்றுமே செய்யாவிட்டால் பிரிட்டனில் சுமார் 5,10,000 பேர் மாளக்கூடும் என்று கணித்தார்கள். அரசாங்கமும் மக்களும் தடுப்பு முறைகளை மேற்கொண்டார்கள். அந்தத் தொகை வரவில்லை. உடனே "ஜோசியம் பொய்த்தது" என்று சிலர் ஏளனம் செய்தார்கள். "செய்யாவிட்டால்" என்ற சொல்லை அவர்கள் படிக்கவில்லை. பாலத்தில் பள்ளம் என்று பலகை வைத்ததைப் பார்த்து வண்டி திரும்பிப் போனால், பலகை பொய் சொல்லிற்று என்று யாராவது குறைகூறுவார்களா?

நம் ஒன்பதாம் வகுப்புக்குத் திரும்புவோம். மாணாக்கரையே கூட்டி வைத்து, மேஜைமேல் சோழியையும் புளியங்கொட்டையையும் பரப்பினோம். ஆட்டம் முடிந்து காய்கள் இரண்டாகப் பிரிந்து நின்றபோது வகுப்பில் ஒரு மௌனம் நிலவியது. அரை மணி நேரப் பிரசங்கம் செய்யாத வேலையை அது செய்தது. பிறகு அவர்களே ஓர் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள்: மாதத்துக்கு ஒரு முறை சீட்டுக் குலுக்கி இடம் மாற்றுவது, ஆனால் ஒவ்வொருவருக்கும் அருகில் தாம் விரும்பிய ஒருவர் இருக்கலாம். தெரிந்த முகத்தை நாடுவது குற்றமல்லவே!

அத்துடன் நமது வேலை முடிந்தது என்று எண்ணியிருந்தோம். அமெரிக்காவின் வீட்டுப் பத்திரங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த இரவில், மேஜைமேல் கிடந்த வருகைப் பதிவேடுகள் கண்ணில் பட்டன. ஒன்றல்ல, இரண்டு. பிரிவுகள் ஒன்றாகி அரை ஆண்டு கழிந்த பின்னும், பழைய இரண்டு பதிவேடுகளையே வைத்துக்கொண்டு, முதலில் ஊர்ப் பிள்ளைகளையும் பிறகு பஸ் பிள்ளைகளையும் நாம் தினந்தோறும் பெயர் சொல்லி அழைத்து வந்திருக்கிறோம். விஞ்ஞானச் சோதனைச்சாலைக்குப் போகும் அணிகளும் அந்தப் பதிவேட்டின்படியே பிரிக்கப்பட்டிருந்தன. பிள்ளைகள் தாமாக உண்டாக்கிய கோட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசிய நாம், நம் கையாலேயே நாள்தோறும் இழுத்து வந்த கோட்டைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் அகர வரிசையில் ஒரே பதிவேடு எழுதினோம். அதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. அன்று முதல் பெயர் வாசிக்கும்போது ஒரு குரல் ஜன்னல் பக்கத்திலிருந்தும் அடுத்த குரல் சுவர்ப் பக்கத்திலிருந்தும் வருகிறது.